அமெரிக்க மேல்முறையீட்டுத் தீர்ப்பில் ‘பிரசுரத்துக்கு அல்ல’ என்று இருந்தால் என்ன பொருள்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஒன்பதாவது சர்க்யூட் (கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் வட்டாரங்களில் ஒன்று) மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு குடியேற்ற வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. முதல் பக்கத்தின் உச்சியில் ‘பிரசுரத்துக்கு அல்ல’ என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பு நீதிமன்ற இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருக்கிறது. பிறகு எப்படி அது பிரசுரமாகாத தீர்ப்பு? வேறு வழக்கில் அதை எடுத்துக்காட்டலாமா? அந்தக் குறிப்பை மாற்ற வழி உண்டா?

அந்தக் குறிப்பு தீர்ப்பின் எடையைச் சொல்கிறது. யார் படிக்கலாம் என்பதற்கும் அதற்கும் இன்று தொடர்பு இல்லை. பிரசுரத் தீர்ப்பு என்றால், அந்த சர்க்யூட்டில் இனி வரும் எல்லா அமர்வுகளையும், அதன் கீழுள்ள மாவட்ட நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் முன்தீர்ப்பு. பிரசுரமாகாத தீர்ப்பு அந்த வழக்கின் தரப்பினரை மட்டும் கட்டும். வழக்காடியவரைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பலன் ஒன்றே. வென்றால் வென்றதுதான், தோற்றால் தோற்றதுதான். உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையும் குறையாது.

இந்தப் பழக்கம் தொடங்கியது புத்தக அலமாரியில் இடம் இல்லாமல். கூட்டாட்சி நீதிமன்றங்களின் நிர்வாகக் கொள்கையை வகுக்கும் நீதித்துறை மாநாடு, பொதுவான முன்தீர்ப்பு மதிப்பு உள்ள தீர்ப்புகளை மட்டும் அச்சுக்கு அனுப்பும்படி 1964ல் நீதிபதிகளைக் கேட்டுக்கொண்டது. வழக்குகள் பெருகிக்கொண்டிருந்தன, தீர்ப்புத் தொகுதிகளை வாங்கி அடுக்கவே வழக்கறிஞர் அலுவலகங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஒவ்வொரு சர்க்யூட்டும் தனக்கென்று ஒரு பிரசுர விதியை எழுதிக்கொண்டது. அச்சில் வராத தீர்ப்பு சிலருக்கு மட்டும் கிடைத்தால் அநியாயம் ஆகுமே என்பதால், ‘பிரசுரமாகாததை யாரும் எடுத்துக்காட்டக் கூடாது’ என்ற தடையையும் பல சர்க்யூட்டுகள் சேர்த்துக்கொண்டன. அரசுத் துறைகளிடமும் பெரிய சட்ட நிறுவனங்களிடமும் எல்லாத் தீர்ப்பும் கோப்பில் இருக்கும், தனியாளிடம் இருக்காது என்பதுதான் அப்போதைய கவலை. நியாயமான கவலைதான்.

கணினித் தரவுத்தளங்கள் வந்ததும் அந்தக் காரணம் காலாவதியானது. 2001லிருந்து 2021 வரை வெஸ்ட் பதிப்பகம் ‘ஃபெடரல் அப்பெண்டிக்ஸ்’ என்ற தொகுதி வரிசையில் பிரசுரமாகாத தீர்ப்புகளையே அச்சிட்டு விற்றது. 2002ன் மின்னாளுகைச் சட்டம், பிரசுரம் ஆனாலும் ஆகாவிட்டாலும் எழுத்தில் வரும் தீர்ப்புகள் அனைத்தையும் தேடக்கூடிய வடிவத்தில் இணையத்தில் வைக்கும்படி கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு உத்தரவிட்டது. அதனால்தான் உங்கள் தீர்ப்பு இணையதளத்தில் இருக்கிறது. பெயர் மட்டும் பழைய காலத்தோடு நின்றுவிட்டது. மூன்றாவது சர்க்யூட் ‘முன்தீர்ப்பு’, ‘முன்தீர்ப்பு அல்ல’ என்றே தலைப்பில் போடுகிறது. எல்லோரும் இப்படிச் செய்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

இன்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் 10 தீர்ப்புக்கு 8க்கும் மேல் பிரசுரமாகாதவை. விதிவிலக்காகத் தொடங்கியதே வழக்கமாகிவிட்டது.

தீர்மானம் எங்கே, எப்போது நடக்கிறது? அமெரிக்க உச்ச நீதிமன்றம் போல எல்லா நீதிபதிகளும் சேர்ந்து உட்காருவதில்லை; மூன்று பேர் அமர்வுதான் ஒரு மேல்முறையீட்டைக் கேட்கும். தரப்புகளின் எழுத்து வாதங்கள் வந்ததும் நீதிமன்றத்தின் நிரந்தர ஊழியர்களான சட்டத்தரணிகள் கோப்பைப் பார்த்து, வழக்கு எளியதா சிக்கலானதா என்று தரம் பிரிப்பார்கள். சட்டம் தெளிவாக இருக்கும் வழக்குகள் வாய்மொழி வாதம் இல்லாமலே அமர்வுக்குப் போகும். கூட்டாட்சி மேல்முறையீட்டு விதி 34, மூவரும் ஒருமனதாக ஒத்துக்கொண்டால் அதை அனுமதிக்கிறது. உங்கள் தீர்ப்பின் முதல் பக்க அடிக்குறிப்பில் இந்த விதி எண் இருந்தால், வழக்கு அந்த வழியில் வந்தது என்று தெரிந்துகொள்ளலாம். மற்ற வழக்குகளில் வாதம் முடிந்ததும் நீதிபதிகள் மூவரும் தனியே கூடி வாக்களிப்பார்கள். யார் எழுதுவது, எந்த வடிவத்தில் எழுதுவது என்பதும் பெரும்பாலும் அங்கேயே பேசி முடிவாகும். எழுதும்போது வழக்கு எதிர்பார்த்ததைவிடக் கனமானது என்று தெரிந்தால் வடிவத்தை மாற்றுவதும் உண்டு.

ஒன்பதாவது சர்க்யூட்டில் காரணம் சொல்லி எழுதிய தீர்ப்பு பிரசுரமானால் அதற்கு ‘ஒப்பீனியன்’ என்று பெயர், பிரசுரமாகாவிட்டால் ‘மெமோராண்டம்’. மற்றதெல்லாம் ‘ஆர்டர்’. மெமோராண்டத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அதன் அடிக்குறிப்பு, சர்க்யூட் விதி 36-3 சொல்லும் விலக்குகள் தவிர இது முன்தீர்ப்பு அல்ல என்று சொல்லும். எழுதிய நீதிபதியின் பெயர் இருக்காது. மூவர் பெயரும் சேர்ந்தே இருக்கும். பெரும்பாலானவை சில பக்கங்களில் முடிந்துவிடும். ‘வழக்கின் சங்கதிகள் தரப்பினருக்குத் தெரிந்தவை என்பதால் இங்கே திரும்பச் சொல்லவில்லை’ என்ற மாதிரி ஒரு வாக்கியம் அடிக்கடி வரும்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. முன்தீர்ப்பு என்பது ‘அந்த வழக்கின் சங்கதிகளும் இந்த வழக்கின் சங்கதிகளும் ஒன்று, ஆகவே முடிவும் ஒன்று’ என்ற வாதத்தில் நிற்பது. சங்கதிகளே எழுதப்படாத தீர்ப்பை எதோடு ஒப்பிடுவது? தரப்புகளுக்குப் பதில் சொல்லத்தான் மெமோராண்டம் எழுதப்படுகிறது. வெளியாள் படித்துப் பயன்படுத்தும் அளவுக்கு அதில் செதுக்கல் இருக்காது. ஒப்பீனியன் அப்படி இல்லை. ஒவ்வொரு சொல்லும் நாளைக்கு யாராவது பிடித்துக்கொள்ளப்போகும் சொல் என்று நினைத்து எழுத வேண்டும். மூன்றாவது, நான்காவது சர்க்யூட்டுகள் போன்றவற்றில் வெளியிடுமுன் வரைவை அமர்வில் இல்லாத நீதிபதிகளுக்கும் சுற்றுக்கு விடுவார்கள். ஒருமுறை பிரசுரமாகிவிட்டால் அடுத்த மூவர் அமர்வு அதை மாற்ற முடியாது. முழு அமர்வோ உச்ச நீதிமன்றமோதான் மாற்ற வேண்டும். ஒன்பதாவது சர்க்யூட்டில் முழு அமர்வு என்றால் வழக்கமாக 11 நீதிபதிகள்.

எது பிரசுரமாக வேண்டும் என்பதற்கு அதே சர்க்யூட்டின் விதி 36-2 ஏழு அளவுகோல் தருகிறது. புதிய சட்டவிதியை நிறுவினால், இருப்பதை மாற்றினால் அல்லது தெளிவாக்கினால். எல்லோரும் மறந்துவிட்டதாகத் தெரியும் ஒரு விதியை நினைவூட்டினால். இருக்கும் சட்டத்தை விமர்சித்தால். தனித்தன்மையான அல்லது பெரிய பொது முக்கியத்துவம் உள்ள கேள்வி இருந்தால். கீழ் நீதிமன்றமோ துறையோ தன் தீர்ப்பை ஏற்கெனவே பிரசுரித்திருந்தால். உச்ச நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியோ திருப்பியோ அனுப்பியபின் எழுதப்படுவதாக இருந்தால். தனித் தீர்ப்போ மாறுபட்ட தீர்ப்போ எழுதிய நீதிபதி பிரசுரம் கேட்டால். இதில் முதலாவதுதான் பெரும்பாலும் வேலை செய்கிறது. உதாரணத்துக்கு, எல்லையில் பிடிபட்ட இலங்கைத் தமிழர் ஒருவரின் தஞ்சக் கோரிக்கை விரைவு வெளியேற்ற முறையில் நிராகரிக்கப்பட்டது. அவர் ஆட்கொணர்வு மனு போட முடியுமா என்ற கேள்வியை 2019ல் ஒன்பதாவது சர்க்யூட் பிரசுரத் தீர்ப்பில் முடிவு செய்தது. மூன்றாவது சர்க்யூட் 2016லேயே எதிர்த்திசையில் போயிருந்த அரசியலமைப்புக் கேள்வி அது; மெமோராண்டத்தில் முடித்திருக்கவே முடியாது. 2020ல் உச்ச நீதிமன்றம் ஒன்பதாவது சர்க்யூட்டின் தீர்ப்பை மாற்றியது. ஆனால் அதே நாட்டிலிருந்து வந்த இன்னொருவரின் சாட்சியம் நம்பத்தக்கதா என்ற கேள்வி மட்டும் எழுந்தால், அது மெமோராண்டமாக முடியவே வாய்ப்பு அதிகம். சட்டம் அங்கே ஏற்கெனவே நிலைத்துவிட்டது, சங்கதிகள்தான் வேறு.

நான்காவது சர்க்யூட்டின் விதி இன்னும் இறுக்கமானது. முழுமையான எழுத்து வாதமும் வாய்மொழி வாதமும் நடந்த வழக்குகள் மட்டுமே அங்கே பிரசுரத்துக்குத் தகுதி பெறும். எனவே வாய்மொழி வாதத்துக்கு அனுப்பாமல் எடுத்த வழக்கு அங்கே பிரசுரமாகும் என்று காத்திருக்க வேண்டாம். காப்புரிமை வழக்குகளைக் கேட்கும் ஃபெடரல் சர்க்யூட் மறுமுனைக்குப் போய், தன் விதி 36ன்படி காரணமே சொல்லாமல் ‘உறுதி செய்யப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லோடு தீர்ப்பு தருவதும் உண்டு. பல ஆண்டுகள், பெரும் பணம் செலவழித்து வழக்காடியவருக்கு ஏன் தோற்றோம் என்று ஒரு வரி கூடக் கிடைக்காது. இதை நியாயம் என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

இந்திய நீதிமன்றங்களைப் பார்த்துப் பழகியவர்கள் ஓரிடத்தில் இடறுவார்கள். நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் உச்சியிலும் ‘ரிப்போர்ட்டபிள்’, ‘நான்-ரிப்போர்ட்டபிள்’ என்று வரும். ஆனால் அது தீர்ப்புத் தொகுப்பில் சேர்ப்பது பற்றிய குறிப்பு. அரசியலமைப்பின் 141வது பிரிவு, சட்டத்தை அறிவிக்கும் தீர்ப்புக்குத் தரும் கட்டுப்பாடு அந்தக் குறிப்பைப் பார்த்து வருவதில்லை. அமெரிக்காவில் குறிப்பே எடையைத் தீர்மானிக்கிறது. இந்தியப் பழக்கத்தோடு இதைப் படித்தால் தவறாகத்தான் போகும்.

இனி எடுத்துக்காட்டுவது. கூட்டாட்சி மேல்முறையீட்டு நடைமுறை விதி 32.1, 2006 டிசம்பர் 1ல் நடைமுறைக்கு வந்தது. 2007 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் வெளியான பிரசுரமாகாத கூட்டாட்சித் தீர்ப்பு எதையும் எடுத்துக்காட்டக் கூடாது என்று எந்த சர்க்யூட்டும் தடுக்க முடியாது. ஆக, உங்கள் கையில் உள்ள தீர்ப்பை எடுத்துக்காட்டலாம். ஆனால் அதற்கு எவ்வளவு எடை தருவது என்பதை விதி சொல்லவில்லை. அது அந்தந்த நீதிமன்றத்தின் விருப்பம். ‘இது கட்டுப்படுத்தாது, ஆனால் இதன் காரணங்கள் ஏற்கத்தக்கவை’ என்று நேர்மையாகச் சொல்லிக் காட்டினால் நீதிபதி கேட்பார். கட்டுப்படுத்தும் தீர்ப்பு போல எழுதிவிட்டு அடிக்குறிப்பில் மறைத்தால், எதிர்த்தரப்பின் பதில் வாதத்தின் முதல் பத்தியே அதைப் பற்றித்தான் இருக்கும், மீதி வாதத்தின் நம்பகத்தன்மையும் அதோடு போகும்.

எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். பிரசுரத் தீர்ப்புக்குத் தொகுதி எண், தொகுப்பின் பெயர், பக்க எண், ஆண்டு போதும். பிரசுரமாகாததற்கு வழக்கு எண், வெஸ்ட்லா அல்லது லெக்சிஸ் தரவுத்தள எண், நீதிமன்றம், முழுத் தேதி எல்லாம் வேண்டும். இரண்டாவது சர்க்யூட்டில் ‘சம்மரி ஆர்டர்’ (பிரசுரமாகாத தீர்ப்புக்கு அங்கே உள்ள பெயர்) என்று பக்கத்தில் குறிப்பிட்டாக வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இல்லாமல் வாதாடுபவரானால் தீர்ப்பின் நகலையும் அவருக்குக் கொடுக்க வேண்டும். பொதுமக்கள் பார்க்கக்கூடிய தரவுத்தளத்தில் இல்லாத தீர்ப்பை எடுத்துக்காட்டினால் நகலை மனுவோடு தாக்கல் செய்ய வேண்டும் என்பது விதி 32.1 எல்லா சர்க்யூட்டுக்கும் சொல்வது.

தேதியைப் பார்க்காமல் விடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஐந்தாவது சர்க்யூட்டில் 1996 ஜனவரி 1க்கு முன் வந்த பிரசுரமாகாத தீர்ப்புகள் முன்தீர்ப்பாகவே நிற்கின்றன, அதற்குப் பிந்தியவை அப்படி இல்லை. ‘பிரசுரமாகாதது, எனவே கட்டாது’ என்று பழைய ஐந்தாவது சர்க்யூட் தீர்ப்பை ஒதுக்கினால் கட்டுப்படுத்தும் தீர்ப்பையே ஒதுக்கியவர்கள் ஆவோம். ஒன்பதாவது சர்க்யூட்டில் நிலைமை தலைகீழ். 2007க்கு முந்திய மெமோராண்டத்தை அங்கே எடுத்துக்காட்டவே கூடாது, ஒருசில விலக்குகள் தவிர. அந்த விலக்குகளில் முக்கியமானது: அதே வழக்கு திரும்பி வந்தால், அல்லது அதே தரப்புகள் தீர்ந்த விஷயத்தைத் திரும்பக் கிளப்பினால், பிரசுரமாகாத தீர்ப்பும் முழு வலுவோடு கட்டும். உங்கள் வழக்கு குடியேற்ற மேல்முறையீட்டு வாரியத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டிருந்தால், வாரியம் ‘இது வெறும் மெமோராண்டம்’ என்று தட்டிக்கழிக்க முடியாது. பலர் இந்த வாதத்தை எடுக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

காவல்துறை, சிறை அதிகாரிகள் மீது உரிமை மீறலுக்காக இழப்பீடு கேட்டவர்களுக்கு இதில் கூடுதல் அடி உண்டு. அதிகாரி மீறிய உரிமை ‘தெளிவாக நிலைநாட்டப்பட்டது’ என்று காட்டினால்தான் அவருக்குள்ள தகுதிசார் விலக்கு (இழப்பீட்டு வழக்கிலிருந்து அதிகாரியைக் காக்கும் பாதுகாப்பு) உடையும். பிரசுரமாகாத தீர்ப்பை அதற்கு ஆதாரமாக எடுக்க முடியாது என்று நான்காவது சர்க்யூட் 2017ல் சொல்லிவிட்டது. ஒரே தவறு பத்து முறை மெமோராண்டத்தில் கண்டிக்கப்பட்டாலும் சட்டம் அங்கே ‘தெளிவாகாமல்’ இருக்கலாம்.

இந்த முறையே அரசியலமைப்புக்கு விரோதம் என்று ஒரு அமர்வு தீர்ப்பளித்ததும் உண்டு. எட்டாவது சர்க்யூட்டில் 2000ல் வந்த அனஸ்டாசாஃப் வழக்கு அது. வரி செலுத்திய ஒருவர் கூடுதலாகக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்டு 1996 ஏப்ரல் 13ல் தபாலில் போட்டார். மூன்றாண்டுக் கெடு முடிந்து ஒரு நாள் கழித்து, ஏப்ரல் 16ல் துறைக்குப் போய்ச் சேர்ந்தது. தபாலில் போட்ட நாளைக் கணக்கில் எடுக்கலாமா என்ற இதே கேள்விக்கு 1992ல் அதே நீதிமன்றம் ‘கூடாது’ என்று சொல்லியிருந்தது, ஆனால் பிரசுரமாகாத தீர்ப்பில். ‘அந்தத் தீர்ப்பு கட்டாது’ என்றார் வரி செலுத்தியவர். நீதிபதி ரிச்சர்ட் ஆர்னால்ட் ‘கட்டும்’ என்றார். ஒரு முடிவை எடுத்துவிட்டு, ‘இது இன்றைக்கு மட்டும்’ என்று சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை என்பது அவர் நிலை. வரியைத் திரும்பக் கேட்டவர் அந்த வாதத்தில் தோற்றார். ஆனால் பின்னர் அரசு பணத்தைத் திருப்பித் தர முன்வந்ததால் வழக்கே தேவையற்றதாகி, அதே ஆண்டு டிசம்பரில் முழு அமர்வு தீர்ப்பை ரத்து செய்தது. அடுத்த ஆண்டு ஒன்பதாவது சர்க்யூட்டில் நீதிபதி அலெக்ஸ் கோசின்ஸ்கி, ஹார்ட் எதிர் மசனாரி வழக்கில் நேரெதிர் நிலை எடுத்தார். நல்ல முன்தீர்ப்பு எழுத நேரம் வேண்டும், எல்லாவற்றையும் முன்தீர்ப்பாக்கினால் எல்லாமே தரம் கெடும் என்பது அவர் வாதத்தின் சாரம். அந்தப் பக்கமே நிலைத்துவிட்டது.

கோசின்ஸ்கி சொன்ன நடைமுறைக் காரணத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது எளிய வழக்குகளுக்குத்தான் பொருந்தும். மூவரில் ஒருவர் மாறுபடும் வழக்கு எளிய வழக்காக இருக்க முடியாது. 2015ல் பிளம்லி எதிர் ஆஸ்டின் வழக்கை உச்ச நீதிமன்றம் எடுக்க மறுத்தபோது, நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், ஸ்கலியாவும் சேர்ந்துகொள்ள, இதைத்தான் சுட்டினார். கீழே நான்காவது சர்க்யூட் வாய்மொழி வாதம் கேட்டு, ஒரு நீதிபதி மாறுபட, 39 பக்கம் எழுதிவிட்டு அதைப் பிரசுரிக்காமல் விட்டிருந்தது. கடினமான கேள்வியைக் கட்டுப்பாடு இல்லாத தீர்ப்பில் தீர்த்துக்கொள்ளும் வசதி நீதிபதிகளுக்கு இருக்கவே கூடாது.

மாநில நீதிமன்றங்களில் கலிஃபோர்னியா தனி உலகம். அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு பிரசுரச் சான்று பெற்றால்தான் பிரசுரத் தீர்ப்பு. ஒரே தீர்ப்பில் சில பகுதிகளுக்கு மட்டும் சான்று தருவதும் வழக்கம். தலைப்பில் எந்தப் பகுதிகள் விலக்கு என்று இருக்கும், அதைப் பார்க்காமல் விலக்கப்பட்ட பகுதியை எடுத்துக்காட்டி மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. மாநில விதி 8.1115, பிரசுரமாகாத மாநிலத் தீர்ப்பை எடுத்துக்காட்டவே தடை போடுகிறது. கூட்டாட்சி விதி 32.1 அங்கே உதவாது. ஆனால் அந்தத் தடை கலிஃபோர்னியா தீர்ப்புகளுக்கு மட்டும். பிரசுரமாகாத கூட்டாட்சித் தீர்ப்பை அங்கே எடுத்துக்காட்ட முடியும். பிரசுரமான தீர்ப்பைப் பின்னர் பிரசுரத்திலிருந்து நீக்கும் அதிகாரமும் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு உண்டு. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தீர்ப்பு இறுதியான 30 நாளுக்குள், 10 பக்கத்துக்கு மிகாத கடிதத்தில், வழக்குக்குச் சம்பந்தமில்லாதவரும் இதைக் கேட்கலாம். எனவே கலிஃபோர்னியாத் தீர்ப்பை மனுவில் சேர்க்குமுன், தாக்கல் செய்யும் நாளன்று அதன் நிலையை இன்னொருமுறை சரிபார்க்க வேண்டும்.

கடைசிக் கேள்வி, மாற்ற முடியுமா என்பது. ஒன்பதாவது சர்க்யூட்டில் தீர்ப்பு வந்த 60 நாளுக்குள் நீதிமன்ற கிளார்க்குக்குக் கடிதம் எழுதி, எல்லாத் தரப்புக்கும் நகல் அனுப்ப வேண்டும். கலிஃபோர்னியாவில் 20 நாள்தான். நீதிமன்றம் மறுத்தாலோ, 30 நாளில் தீர்ப்பு இறுதியாகிவிட்டாலோ, கோரிக்கையை மாநில உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பி வைப்பார்கள். நான்காவது சர்க்யூட்டில் மனுவாகவே போட வேண்டும். கடிதம் இரண்டு பக்கம் போதும். ‘இது முக்கியமான தீர்ப்பு’ என்று எழுதுவதில் பயன் இல்லை. விதியின் எந்த அளவுகோல் பொருந்துகிறது, தீர்ப்பின் எந்தப் பத்தி புதிதாக எதைச் சொல்கிறது, இதே கேள்வியில் மாவட்ட நீதிமன்றங்கள் முரண்பட்டிருந்தால் அந்த வழக்குகள் எவை என்று காட்ட வேண்டும்.

வென்றவர் இந்தக் கடிதத்தை எழுதுமுன் ஒருமுறை யோசிக்க வேண்டும். மெமோராண்டமாகக் கிடக்கும் வெற்றியை மற்ற நீதிபதிகள் திரும்பிப் பார்ப்பது அரிது. அதையே பிரசுரத் தீர்ப்பாக்கினால் முழு அமர்வின் கண்ணிலும் எதிர்த்தரப்பின் கண்ணிலும் உறுத்தலாம். தன் வழக்கு மட்டும் முக்கியம் என்றால் விட்டுவிடுவதே பாதுகாப்பு.

தோற்றவர் இந்தக் கடிதத்தை நம்பி மற்றக் கெடுக்களைத் தவறவிடக் கூடாது. பிரசுரம் கேட்பதால் எந்தக் கெடுவும் நிற்காது. மறுவிசாரணை மனுவுக்குப் பொதுவாக 14 நாள், அரசு ஒரு தரப்பாக உள்ள சிவில் வழக்கில் 45 நாள். உச்ச நீதிமன்றத்துக்கு 90 நாள். மறுவிசாரணை கேட்டிருந்தால் அது மறுக்கப்பட்ட நாளிலிருந்து அந்த 90 தொடங்கும். ஒன்பதாவது சர்க்யூட் தீர்ப்போடு இந்தக் கெடுக்களை விளக்கும் தாள் ஒன்றையும் இணைத்து அனுப்பும். முதலில் அதை எடுத்து, தீர்ப்பு பதிவான தேதியிலிருந்து நாட்களை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.